குறைய என்று எழுதிய பக்கம்

கம்பெனியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. திரி அறுக்கும் அறைப் பக்கம் நான் திரும்பினால் முதலில் பார்ப்பவர் மற்றவர்களுக்குக் குரல் கொடுப்பார்: "ஏலே, குறையண்ணாச்சி வாராரு." என் காதில் விழும்படிதான் சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில், இண்டர்மீடியட் முடித்த கையோடு, சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து நான் அதிகம் சொன்ன சொல் 'குறை' என்பதுதான். அறையில் மருந்து அதிகம் இருந்தால் குறை. ஆள் அதிகம் இருந்தால் குறை. வெயில் ஏறிவிட்டால் வேலையைக் குறை. சீசனில் ஆர்டர் நெருக்கும்போது முதலாளியிடமே போய், லோடைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. நான் சேர்ந்த பிறகு எங்கள் கம்பெனியில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அந்தச் சொல்லால்தான் நடக்கவில்லை என்று நம்பியிருந்தேன்.

போன வைகாசிக்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன் நாக்கு ஒரு கணம் நின்றுவிடுகிறது.

எங்களுக்கு ஒரே மகன். வீடு விருதுநகரில். நான் காலையில் கம்பெனி வேனில் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். அவனை மட்டும் தொழில் பக்கமே அண்டவிடவில்லை. வேலைக்குப் போட்டுப்போன சட்டையோடு அவனைத் தூக்கியதுகூட இல்லை. குளித்து, வேட்டி மாற்றி, பிறகுதான் தொடுவேன். வளர்ந்து பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். ரேடியோவைப் பிரித்து மாட்டினான். நான் சந்தோஷப்பட்டேன். மின்சாரம் சுத்தமானது, ஸ்விட்சைத் தட்டினால் அடங்கிவிடுவது என்று நினைத்தேன்.

பிறகு கிதார் வந்தது. கூடப் படித்தவர்கள் சேர்ந்து, கல்யாண வீடுகளில் வாசிக்க ஒரு மெல்லிசைக் குழு வைத்தார்கள். வாடகை மைக் செட்டில் கிதாரை மாட்டினால் ஊளையிட்டது. அதனால் தானே ஒரு ஆம்ப்ளிபயர் செய்யத் தொடங்கினான். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ் மூடிப்போயிருந்தது. அங்கே கிடந்த பழைய ஆம்ப்ளிபயரிலிருந்து டிரான்ஸ்பார்மர்களும், கண்ணாடி பல்பு மாதிரியான வால்வுகளும் கிடைத்தன. ஒரு பிரஸ்ஸில் கழித்துப் போட்ட துத்தநாகத் தகட்டை நான்தான் கேட்டு வாங்கிவந்தேன். காலண்டர் அடித்த தகடு. லட்சுமியின் பாதமும் பாதித் தாமரையும் கீழே தேதிக் கட்டங்களும் அதில் மங்கலாக இருந்தன. அதைப் பெட்டிபோல மடக்கி, வால்வுகள் உட்காரத் துளை போட்டான். வெளிப்பெட்டி, எங்கள் கம்பெனிப் பட்டாசு அனுப்புகிற மரப்பெட்டி.

என் மனைவி எம். புதுப்பட்டிக்காரி. பேச்சில் உப்பு சற்றுத் தூக்கலாகவே இருக்கும். தகட்டைப் பார்த்துவிட்டு, "லட்சுமி காலுக்குக் கீள ஓட்டை போட்டு வச்சிருக்கியேலே, இந்த வீடு வெளங்குமா?" என்றாள்.

"ஓட்டை வளியாத்தாம்மா லட்சுமி உள்ள வரும்" என்றான் அவன்.

ஆம்ப்ளிபயர் ஒரு மாதிரி பாடத் தொடங்கிய பிறகும் அவனுக்குத் திருப்தி வரவில்லை. கடைசியாகச் சத்தத்தை வெளியே தள்ளுகிற இரண்டு பெரிய வால்வுகளைச் சரியான நிலையில் நிறுத்த வேண்டும் என்றான். அதற்குப் பெயர் பயாஸ். தகட்டின் பின்பக்கம், தேதிக் கட்டங்களுக்கு நடுவில் ஒரு சிறு திருகு. அதைத் திருப்பித் திருப்பி மீட்டரைப் பார்ப்பான். பார்க்கும்போதெல்லாம் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். இரண்டு கையும் உள்ளே போனால் ஷாக் நெஞ்சு வழியாகப் பாயும், ஒரு கை என்றால் தப்பிக்கலாம் என்று காரணம் சொன்னான். ஒரு கையைக் கட்டிக்கொண்டு அவன் குனிந்து நிற்பதைப் பார்த்து அவன் அம்மா, வாத்தியார் முன்னால்கூட இவன் இப்படி நின்றதில்லை என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதை விளக்கினான்.

"வால்வுக்குள்ள கரண்டு எப்பவும் பாயத் துடிச்சுக்கிட்டே இருக்கும்ப்பா. அதப் பிடிச்சு நிறுத்துறதுதான் பயாஸ். பிடிய இறுக்குனா வால்வு குளுந்து கெடக்கும், சத்தம் வறட்டுன்னு வரும். பிடிய விட்டா சூடேறி உள்ள இருக்க தகடு செவந்துரும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும்."

நான் தலையாட்டினேன். கவனம் அவன் பேச்சில் இல்லை. கண்ணாடிக்குள்ளே மெல்லிய நீல வெளிச்சம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. எங்கள் தொழிலில் நீலம் தெரிகிறதென்றால் ஏதோ எரிகிறது என்று பொருள்.

"எரியுதாலே?" என்று கேட்டேன்.

"எரியலப்பா. நல்ல வால்வு இப்படித்தான் நிக்கும்."

திருகின் ஒரு பக்கம் 'கூட' என்றும் மறுபக்கம் 'குறைய' என்றும் கறுப்புப் பெயின்டில் எழுதினான். சரியான இடம் கிடைத்ததும், திருகு அசையாமலிருக்க ஒரு சொட்டுச் சிவப்பு அரக்கு வைத்தான். பார்சலுக்கு முத்திரை வைக்கிற அரக்கு, நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்தது.

வைகாசியில் எங்கள் முதலாளியின் சொந்தக்காரர் வீட்டில் கல்யாணம். சிவகாசியில் வீட்டுக்கு முன்னால் தெருவை அடைத்துப் பந்தல். மாலை வரவேற்பில் என் மகன் குழுவின் பாட்டு. அது முடிந்ததும் வாணவேடிக்கை. வெடிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முதலாளி என்னிடம் கொடுத்திருந்தார். முந்தின நாள் இடம் பார்க்கப் போனேன். பட்டாசுப் பெட்டிகளை மேடைக்குப் பின்னால் ஓலைத் தடுப்பு ஓரம் அடுக்குவதாக ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆம்ப்ளிபயர் வைக்கப்போகும் இடத்திலிருந்து அது எட்டிப் பிடிக்கும் தூரம்தான். வேறு இடம் மாற்றலாமே என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன்.

"வேட்டுக்காரன் வீட்டுக் கல்யாணத்துல வேட்டு எங்கன இருக்கும் அண்ணாச்சி? பக்கத்து ஊர்லயா?" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பெட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் கொஞ்சம் குறைக்கவைத்தேன். மணல் வாளிகளும் நனைத்த சாக்குகளும் பக்கத்திலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று மதியம் மகன் சட்டைக்கு இஸ்திரி போட வெளியே போயிருந்தான். ஆம்ப்ளிபயர் கூடத்தில், பின்பலகை மாட்டாமல் இருந்தது. நான் அதன் முன்னால் உட்கார்ந்தேன். நீல வெளிச்சம் நினைவுக்கு வந்தது. அடுக்கிய பெட்டிகள் நினைவுக்கு வந்தன. இந்த ஒரு சாயங்காலம் மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்தால் என்ன என்று தோன்றியது. சத்தம் சற்றுக் கம்மியாக இருக்கும். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. 'குறைய' என்று என் மகன் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அரக்கை நகத்தால் பெயர்த்தேன். பக்கத்தில் கிடந்த திருப்புளியை எடுத்து, அந்தப் பக்கமாகத் திருகு நிற்கும்வரை திருப்பினேன். திருப்புளியை எடுத்த இடத்திலேயே, எடுத்த சாய்விலேயே திரும்ப வைத்தேன். செய்வது திருட்டுத்தனம் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது.

நான் குறைத்தது சூட்டை என்று நினைத்தேன். குறைந்தது பிடி. அவன் எழுதியிருந்தது பிடியைப் பற்றி.

மகன் வந்ததும் அவசரமாகப் பின்பலகையை மாட்டிக்கொண்டு கிளம்பினான், திருகைப் பார்க்கவில்லை. மாலையில் அவர்கள் மேடையேறினார்கள். நான் மேடைக்குப் பின்னால், பெட்டிகளுக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில் நின்றுகொண்டேன். முதல் பாட்டில் கிதார் தொடங்கியதும் எனக்கே வித்தியாசம் தெரிந்தது. வீட்டில் கேட்ட சத்தம் இல்லை இது. தடிமனாக, வெதுவெதுப்பாக, பந்தல் முழுக்க நிறைந்து வந்தது. என் மகன் ஆச்சரியப்பட்டுத் திரும்பிப் பார்த்தான். முதலில் ஆம்ப்ளிபயரை, பிறகு என்னை. கேட்டீர்களா என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினான். நானும் சிரித்தேன். குறைத்து வைத்தும் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். அவன் முகத்தில் அந்த மாதிரி சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த முகம்தான் இப்போது அடிக்கடி வருகிறது.

மூன்றாவது பாட்டின் நடுவில் மெழுகு உருகுகிற வாசனை வந்தது. குனிந்து பின்பலகையின் துளை வழியாகப் பார்த்தேன். நீலத்தைக் காணோம். கண்ணாடிக்குள் கறுப்பாக இருக்க வேண்டிய தகடுகள் அடுப்புக் கங்கு மாதிரி சிவந்திருந்தன. பார்க்கப் பார்க்கச் சிவப்பு பரவியது.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. இத்தனை வருடத் தொழில் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. சிவப்பைக் கண்டால் ஈரச் சாக்கு. பின்பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சாக்கை இரண்டு கையாலும் தூக்கினேன். மகன் திரும்பிப் பார்த்தான்.

"வேண்டாம்ப்பா" என்றான்.

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சரக்கு வீணாகிவிடுமே என்று பயந்து வேண்டாம் என்பவர்களைத் தொழிலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களைத் தள்ளிவிட்டுத்தான் சாக்கைப் போட்டிருக்கிறேன். இவனும் தன் பெட்டி வீணாகிவிடும் என்று சொல்கிறான் என்றே எடுத்துக்கொண்டேன். போட்டேன்.

வால்வுகள் வெடித்தன. சாக்கிலிருந்து தண்ணீர் வழிந்து உள்ளே இறங்கியது. மின்சாரம் அந்த ஈரத்தின் வழியாகத் துத்தநாகத் தகட்டுக்குப் போனது. தகட்டிலிருந்து ஒயர் வழியாகக் கிதாருக்கு. கிதாரின் தந்திகளிலிருந்து அவன் விரல்களுக்கு. இந்த வழியையெல்லாம் அவன்தான் பிறகு எனக்கு விளக்கினான். அப்போது நான் கண்டது அவன் இடது கையை மட்டும். தந்திகளை அழுத்தியிருந்த கை அப்படியே மூடிக்கொண்டது. என்னைத் தடுக்கத் திரும்பியபோது வலது கை மைக் ஸ்டாண்டின் கம்பியைப் பிடித்திருந்தது, அதுவும் மூடிக்கொண்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கையை விடு, விடுலே என்று கத்தினேன். விட முடியாத கையைப் பார்த்து விடு விடு என்று கத்திக்கொண்டிருந்தேன். தபேலா வாசித்த பையன் பாய்ந்து பிளக்கைக் காலால் உதைத்துக் கழற்றினான்.

வெடி ஒன்றுகூடப் பற்றவில்லை. அதனால் ஊர் என்னைப் பாராட்டியது. அண்ணாச்சி சாக்கைப் போடவில்லையென்றால் தெருவே போயிருக்கும் என்றார்கள். முதலாளி கம்பெனியில் எல்லோர் முன்னிலையிலும் என் தோளில் தட்டினார். அதற்கு நான் கைகூப்பினேன். அதையும் செய்தேன்.

நெஞ்சுக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இடது கையில் இரண்டு விரல் நுனிகள் கருகியிருந்தன. தோல் வளர்ந்துவிடும், உணர்ச்சி வருமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்றார். கிதார் வாசிக்கிறவனுக்கு அந்த இரண்டு விரல்கள் என்ன என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த சில நாட்களில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஆம்ப்ளிபயரைப் பிரித்தான். நான் காபி கொண்டுபோனேன். கண்ணாடித் துண்டுகளை ஒதுக்கிவிட்டுத் திருகைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரக்கு இருந்த இடத்தில் என் நகக் கீறல் இருந்தது.

"நீங்க திருப்புனீகளாப்பா?"

"குறைச்சு வச்சேன்."

அவன் கீறலை ஒரு விரலால் தடவிப் பார்த்தான். பிறகு சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"எதக் கொறைக்கன்னு நான் எழுதலயே. தப்பு என் மேலதான்" என்றான். காபியை வாங்கிக்கொண்டான்.

திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அன்று சாயங்காலமே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கீரையைக் கீழே வைத்தாள்.

"இம்புட்டு வருசமும் ஊரான் பிள்ளைகளக் காவல் காத்தீக. எம் பிள்ளைய உங்க கிட்டருந்துல்ல நான் காத்திருக்கணும்" என்றாள். பிறகு அதைப் பற்றி அவள் பேசவேயில்லை. ஆனால் அவன் மேசைப் பக்கம் நான் போனால் சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும்.

கம்பெனியில் நான் இப்போது முழு வாக்கியமாகப் பேசுகிறேன். மருந்தைக் குறை. ஆளைக் குறை. எதை என்பதைச் சொல்லாமல் விடுவதில்லை. சொன்ன பிறகும், எதைக் குறைக்கிறார்கள் என்று நின்று பார்க்கிறேன். குறையண்ணாச்சிக்கு வயசாகிவிட்டது, ஒரே சொல்லை இரண்டு தடவை சொல்கிறார் என்று பேசிக்கொள்கிறார்களாம். நடுவில் எப்போதாவது, மருந்து அரைக்கிற பெண்ணோ குழாய் உருட்டுகிற ஆளோ கையை இறுக்கி மூடிப் பிடித்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வியர்த்துவிடுகிறது.

கட்டுப் பிரித்த பிறகு அவன் கிதாரை எடுத்தான். கருகிய விரல்களில் உணர்ச்சி வரவில்லை. தந்தி எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியவில்லை. விரலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தான். தவறாக வைத்தால் தந்தி கரகரக்கும். அடுத்த அறையில் உட்கார்ந்து அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாளாக ஆக அது குறைந்தது. முழுதாக நிற்கவில்லை.

மதுரையிலிருந்து புது வால்வுகள் வாங்கிவந்தான். கிணற்றடி ஈர மண்ணில் இரும்புக் குழாய் அடித்து, இனி ஷாக் மண்ணுக்குள் போய்விடும்படி, துத்தநாகத் தகட்டிலிருந்து அதற்குத் தனியாக ஒரு எர்த் கம்பி இழுத்தான். பழைய எழுத்துகளை அழிக்கவில்லை. 'கூட', 'குறைய' இரண்டுக்கும் முன்னால் 'பிடி' என்று மட்டும் சேர்த்து எழுதினான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டான்.

வாசித்துக் கேட்டுக்கொண்டே பயாஸ் வைக்க வேண்டும், தன் இரண்டு கையும் கிதாரில் இருக்கும், திருகைத் திருப்ப ஆள் வேண்டும் என்றான். அம்மாவைக் கூப்பிடு என்றேன்.

"நீங்க வாங்கப்பா."

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டாள். "நான் இங்கனதான் நிப்பேன். எனக்கு அடுப்புல ஒண்ணும் இல்ல" என்றாள். உலை கொதிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எடது கையப் பின்னால கட்டிக்கோங்கப்பா" என்றான் மகன். கட்டிக்கொண்டேன். கரண்டு வந்தது. வால்வுகள் மெதுவாகச் சூடேறின. 'பிடி கூட' பக்கம் கடைசிவரை திருப்பி வைத்திருந்தேன். அவன் மீட்டரையும் விரலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே வாசித்தான். சத்தம் தகரத்தைத் தட்டுவதுபோல வந்தது.

"வறட்டுன்னு இருக்கு. கொறைங்க."

நான் அசையவில்லை.

"பிடியக் கொறைங்கப்பா."

ஒரு மயிரிழை திருப்பினேன். இன்னும் என்றான். திருப்பினேன். கண்ணாடிக்குள்ளிருந்த தகட்டை விட்டு என் கண் நகரவில்லை. கறுப்பாகத்தான் இருந்தது. நீலம் வந்து நின்றது.

"அன்னைக்கு மொதப் பாட்டுல ஒரு சத்தம் வந்துச்சுல்ல" என்றான், வாசிப்பதை நிறுத்தாமல். "அம்புட்டு வேண்டாம். அதுக்குக் கொஞ்சம் பக்கத்துல போவோம்."

அவன் முகத்தைப் பார்க்க நினைத்தேன். தகட்டிலிருந்து கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது. திருப்பினேன். தகரச் சத்தம் போய், ஒலி தடிக்கத் தொடங்கியது. அந்த வெதுவெதுப்பு கூடத்துக்குள் வந்தது. நடுவில் ஒரு தந்தி கரகரத்தது. விரலைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு மறுபடி வாசித்தான்.

"போதும்" என்றான்.

தகடு கறுப்பு. மீட்டரைப் பார்த்தேன். முள் அசையவில்லை.

"போதும்ப்பா. கைய எடுங்க."

திருப்புளி திருகிலேயே இருந்தது. என் விரல்கள் அதைச் சுற்றி மூடியிருந்தன. கரண்டு என்னைப் பிடித்திருக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, கை வரவில்லை. என் மகன் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். கத்தவில்லை.

"எடுங்க" என்றாள் என் மனைவி. "நான் ஸ்விட்சுலதான் நிக்கேன்."

அவன் மறுபடி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் கை வந்தது.